பிறர் தலையீடு

இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த டேனியல் தன் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். நிறைய எண்களுக்குக் கீழே இரண்டு சொற்கள் மட்டும் சிவப்பில் இருந்தன. நடத்தைத் தவறு.

"அப்படின்னா என்னங்க?" என்று சசிதரன் கேட்டான்.

"மேடம் சாப்பிடக் கூடாததச் சாப்பிட்டுத்தான் எடை திரும்ப ஏறியிருக்குன்னு கம்பெனி சொல்லுது சார். அதனால ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் வராது."

சம்யுக்தா நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில மாதங்களாக அவள் அப்படித்தான் உட்காருகிறாள். வயிற்றிலிருந்து அமிலம் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. நான்கு தலையணைகளைச் சுவரில் சாய்த்து, அதில் சாய்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். உணவுக் குழாயின் அடியில் செல்கள் மாறத் தொடங்கிவிட்டன என்றும், இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் தன்னால் எந்த உறுதியும் தர முடியாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பழைய அறுவை சிகிச்சையை மாற்றி பைபாஸ் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு குன்னூரில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டை விற்றாலும் போதாது.

"நான் எதுவும் சாப்பிடலீங்க" என்றாள். குரல் கரகரத்தது. "ஒரு மைசூர்பாகு தின்னு மூணு வருஷமாச்சு."

"நீங்க சொல்றத நான் நம்பறேன் மேடம். வளையம் நம்பாது."

மூன்று வருடங்களுக்கு முன், நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடையோடு இதே மருத்துவமனைக்கு அவள் வந்தபோது, அவளுடைய இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குறைத்தார்கள். அதன் வாயில் மோதிரம் போல ஒரு சிறிய வளையத்தை வைத்துத் தைத்தார்கள். வளையம் இன்சூரன்ஸ் கம்பெனியின் சொத்து. அது இல்லாமல் எந்தக் கம்பெனியும் இந்த அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு வாய் உணவிலும் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு புரதம் என்று அது அளந்து எழுதி வைத்துக்கொள்ளும்.

"போன்ல பச்சைப் புள்ளி வந்துட்டேதானே இருந்துச்சு?" என்றாள் சம்யுக்தா. "தெனமும் பாப்பேன். பச்சையா இருந்தா நான் ஒழுங்கா இருக்கேன்னுதானே?"

"இல்ல மேடம். வளையம் வேலை செய்யுதுன்னு காட்டுற புள்ளி அது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு கிளெய்ம் வந்தாத்தான் பிரிச்சுப் பாப்பாங்க." டேனியல் எண்களின் மேல் விரலை ஓட்டினான். "தெனமும் காலைல ஆறு நாப்பதுக்கு ஒரு பானம். புரோட்டீன் பவுடர்ல இருக்க வேண்டியதுக்கு மேல சராசரியா பதினாலு கிராம் கொழுப்பு, பதினெட்டு கிராம் சர்க்கரை. எழுநூத்தி முப்பத்தோரு நாள். ஒரு நாள் கூட விடல."

"அது புரோட்டீன் மட்டுந்தாங்க. இவருதான் கலக்கித் தருவாரு. இவரயே கேளுங்க."

இருவரும் சசிதரனைப் பார்த்தார்கள். அவன் காதுமடல்கள் சுட்டன. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான்.

வீடு வரைக்கும் தாங்கவில்லை. மலைப்பாதையில் ஆறாவது வளைவு தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கீழே மேட்டுப்பாளையம் புகைமூட்டமாகத் தெரிந்தது.

"நெய்" என்றான். "நெய்யும் நாட்டுச் சர்க்கரையும்."

சம்யுக்தா முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி நானே உருக்கி வெச்சேன். ஃபேக்டரி பேக்ல இருக்கும்."

"எத்தன ஸ்பூன்?"

"மொதல்ல அரை. அப்பறம் ஒரு பெரிய ஸ்பூன்."

"எதுக்கு?"

எதற்கு என்று அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது வாயில் வந்தபோது அது மிகச் சிறியதாக இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் மாதம், ஐம்பத்திரண்டு கிலோ குறைந்து, முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டிப் போய் அவள் நின்ற நேரத்தில் அவன் சித்தப்பா மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அத்தனை பேர் நடுவில் அவனுடைய அக்கா ரேவதி கேட்டாள்: "ஏன்டா சசி, கட்டுன பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லையா? வந்தப்ப எப்படி இருந்த புள்ள." பக்கத்து இலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்யுக்தாவின் இலையில் இரண்டு கவளச் சோறு அப்படியே இருந்தது.

"அக்கா சொன்னதுக்காகவா?"

"அதுக்காக மட்டும் இல்ல சம்யு. உன்னயத் தூக்குனா வெறும் துணியத் தூக்குற மாதிரி இருந்துச்சு. நீ கொஞ்சங் கொஞ்சமா இல்லாமப் போயிருவயோன்னு பயந்துட்டேன். கேட்டா வேணாம்ப. அதான்."

"எட ஏற ஆரம்பிச்சப்ப நிறுத்தியிருக்கலாமல்ல?"

"நிறுத்தலாம்னுதான் நெனைப்பேன். காலைல டம்ளர வாங்கி முழுசாக் குடிச்சுட்டு எம்மூஞ்சியப் பாப்ப பாரு. நீ மிச்சம் வெக்காமக் குடிக்கிறது அது ஒண்ணுதான்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது. அது போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள்.

"எட ஏறுனப்ப நான் ராத்திரிச் சாப்பாட்ட விட்டேன். அப்பறம் மத்தியானத்த விட்டேன். சிம்ஸ் பார்க்குல தெனமும் மூணு சுத்து நடந்தேன். கண்ணாடி முன்னால நின்னு என் வயித்த நானே கிள்ளிட்டு, திருட்டுக் கழுதைன்னு திட்டிட்டு இருந்தேன். நீங்க பின்னால நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

வண்டியை எடுத்தபோது ஒரு கேள்வி அவனுக்குள் எழுந்தது. அவன் மனைவி தேயிலைச் சுவைஞர். பதினோரு வருடங்களாக ஏலத்துக்கு வரும் தேயிலையைக் குடித்துப் பார்த்து விலை சொல்பவள். காலையில் இருநூறு கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் உறிஞ்சித் துப்புவாள். அவர்களுடைய காதலே அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் மெக்கானிக்காக இருந்த ஃபேக்டரியின் தேயிலையை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "உங்க டிரையர்ல சூடு ஜாஸ்தி, ரெண்டு டிகிரி இருக்கும்" என்று ஃபோனில் சொன்னாள். அவன் கோபமாகப் போய்ப் பார்த்தான். இரண்டு டிகிரி அதிகமாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட நாக்குக்கு ஒரு ஸ்பூன் நெய் தெரியாமல் போகுமா?

கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில் அவ்வளவு இனிமையாக இருந்ததால் அதை அப்படியே வைத்துக்கொண்டான்.

மறுநாள் டேனியல் தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டான்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மூணாவதா ஒரு பிரிவு இருக்கு. உடம்புத் தவறு, நடத்தைத் தவறு, அப்பறம் பிறர் தலையீடு. வேற யாராவது மேடத்துக்குத் தெரியாம எதையாவது கலந்து குடுத்திருந்தா, மேடம் மேல தப்பு இல்ல. கம்பெனி பணம் தந்தாகணும்."

"நாந்தான் கலந்தேன். எழுதிக் குடுத்தர்றேன்."

டேனியல் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்படித்தான் சார் நெறைய வீட்ல. அம்மாக்கள்தான் ஜாஸ்தி. புருஷன் கொஞ்சம் கம்மி" என்றான். "ஆனா ரெண்டு விஷயம். கலந்த ஆள் ரெண்டு வருஷம் மேடத்தோட ஒரே வீட்ல இருக்கக் கூடாது. இல்லாட்டிப் புது வயிறும் வீணாப் போயிரும்னு கம்பெனி பயப்படுது. கோயமுத்தூர்ல அவங்க அங்கீகாரம் பண்ணுன இல்லத்துலதான் மேடம் தங்கணும்."

"ரெண்டாவது?"

"மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாது. தெரிஞ்சு குடிச்சிருந்தா அதுவும் நடத்தைத் தவறுதான். வளையம் தொண்டைக்குக் கீழ இருக்கு, நாக்குக்குத் தெரிஞ்சுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால விசாரணை வெப்பாங்க. மேடம் டீ டேஸ்டர் பாருங்க. அதான் பிரச்னை. இது அவங்க ஆபீஸ் எடுத்த பாலிசி. தீர்ப்பு நகல் ஆபீசுக்கும் போகும்."

அதன் அர்த்தம் அவனுக்கு உடனே புரிந்தது. நாக்கில் தெரியவில்லை என்று சொன்னால்தான் அறுவை சிகிச்சை. நாக்கில் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்த பெண்ணை எந்த ஏலத் தரகர் வேலைக்கு வைத்திருப்பார்?

அவளிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல், "சரி" என்றாள்.

"வேலை போயிருமே."

"போகட்டும். உயிரோட இருந்தா வேற வேலை பாத்துக்கலாம்."

"நீ அங்க தெரியலைன்னு சொல்லிருவயா?"

"சொல்லிர்றேன்" என்று அவன் சட்டையை அவன் பக்கத்து அலமாரியில் வைத்தாள்.

விசாரணை கோயம்புத்தூரில், கம்பெனி அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் நடந்தது. விசாரணை அலுவலர் சுகிர்தா ஐம்பது வயதைத் தாண்டியவர். கைத்தறிச் சேலை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. யாரையும் மிரட்டும் முகம் இல்லை. சசிதரனின் வாக்குமூலத்தைப் படித்து முடித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, டாக்டர் அத்தன தடவ சொல்லி அனுப்பியிருப்பாங்களே?"

"சொன்னாங்க மேடம்."

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தாரு. சுகர் இருக்குதுன்னு தெரிஞ்சே எங்க அம்மாவுக்கு ஜிலேபி வாங்கிட்டு வருவாரு. பாசமாம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாவோட கால எடுத்தப்பவும் ஆஸ்பத்திரிக்கு ஜிலேபியோடதான் வந்தாரு எங்கப்பா."

பிறகு சம்யுக்தாவிடம் திரும்பினார்.

"உங்க தொழில் நாக்க வெச்சு நடக்குறது. ரெண்டு வருஷமா நெய் கலந்தது தெரியலைங்கிறீங்க. இத நான் எப்படி எழுதட்டும்?"

"தெரியலைங்க."

"வாசம் கூடவா?"

"இல்லைங்க."

சுகிர்தா மணியை அழுத்தினார். ஒரு பெண் மூன்று மூடிய குவளைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சம்யுக்தாவின் கண்ணைத் துணியால் கட்டினார்கள். நாடித் துடிப்பைப் பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள்.

முதல் குவளையில் வெறும் புரோட்டீன் பானம். இரண்டாவதில் நெய். அது திறந்தபோதே எதிரே இருந்த சசிதரனுக்கு வாசம் வந்தது. அவள் இரண்டையும் ஒரே மாதிரி விழுங்கினாள். மூன்றாவது குவளையில் என்ன இருந்தது என்பதைப் கண்ணைக் கட்டிய பிறகு அந்தப் பெண் அவனுக்கும் காட்டியிருந்தாள். கைப்பிடி உப்பு. சாதாரண மனிதன் நாக்கில் பட்டதும் துப்பிவிடுவான்.

சம்யுக்தா குடித்தாள். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. கிளிப்பின் எண் எழுபத்தெட்டிலேயே நின்றது.

"மூணுல எதாவது வித்தியாசம் தெரியுதா?"

"மூணாவது கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க. மத்தபடி ஒண்ணுதான்."

சுகிர்தா கிளிப்பின் எண்ணை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

சசிதரனின் கண்கள் நிறைந்துவிட்டன. உப்பைக் கூட அசையாமல் விழுங்கும் அளவுக்கு இவள் நடிக்கிறாள் என்று நினைத்தான். முதல் நாளே நெய் என்று கண்டுபிடித்திருப்பாள். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் குடித்திருக்கிறாள். எழுநூற்று முப்பத்தோரு நாள் எனக்காகக் குடித்திருக்கிறாள்.

படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்தான். "அந்த மூணாவது குவளைய எப்படி சம்யு..."

"பேசாம வாங்க" என்றாள் அவள். "கேமரா இருக்குது."

அதற்கு மேல் அவனுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒப்புதல் வந்தது. பிறர் தலையீடு, முழுத் தொகை அனுமதிக்கப்படுகிறது. கீழே ஆபத்துக் காரணி என்ற கட்டத்தில் அவன் பெயரும் ஆதார் எண்ணும் இருந்தன. வியாழக்கிழமை ஏலத் தரகு அலுவலகம் அவளை வேலையிலிருந்து விடுவித்தது. பதினோரு வருடத்துக்கு ஒரு சால்வையும், சுவைஞர் அறையில் எல்லாரும் சேர்ந்து எடுத்த ஒரு புகைப்படமும் கொடுத்தார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அவனால் அன்று மருத்துவமனை வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. முகத்தை அடையாளம் கண்டதும் கதவு திறக்க மறுத்தது. டேனியல் வெளியே வந்து, "நல்லா இருக்காங்க சார், கண் முழிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு ஆறு வாரங்கள் அவனைக் காப்பாற்றியது அந்த நினைப்பு ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் செய்தது தப்புதான், ஆனால் அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் அக்காவிடம் கூடச் சொன்னான். ரேவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியொரு பொண்டாட்டி அமைய நீ குடுத்து வெச்சிருக்கணும்டா" என்றாள். அவள் மறுபடி மறுபடி கேட்டாள். அவனும் மறுபடி மறுபடி சொன்னான். சொல்லச் சொல்ல உப்பின் அளவு கூடிக்கொண்டே போனது.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, முதல் சந்திப்புக்கு அனுமதி கிடைத்தது. அரை மணி நேரம். இல்லத்தின் வாசலில் அவன் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் இருந்த இருமல் மிட்டாயையும் எடுத்துக்கொண்டார்கள்.

சம்யுக்தா வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முதுகு நேராக இருந்தது. கை நெஞ்சின் மேல் இல்லை.

"படுத்துத் தூங்குறியா?"

"தூங்கறனுங்க. ஒரே தலகாணி."

அதைக் கேட்டதும் அவனுக்கு வந்த வேலை முடிந்த மாதிரி இருந்தது. ரேவதி அக்கா விசாரித்ததைச் சொன்னான். டிரையரில் பெல்ட் மாற்றியதைச் சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பதினைந்து நிமிடம் இருக்கும்போது, குரலைத் தாழ்த்தி, இத்தனை நாள் வைத்திருந்ததை எடுத்தான்.

"இங்க கேமரா சத்தம் எடுக்காதுன்னு கேட்டுட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. மொத நாளே கண்டுபிடிச்சிட்டதானே?"

"எத?"

"நெய்ய."

அவள் அவனைப் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அவன் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பையும் சேர்த்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு அங்க நான் பொய் சொன்னேன்னா நெனைச்சுட்டு இருக்கீங்க?"

"அந்த உப்ப..."

"அது உப்பா?" என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மொத ஆபரேஷன் முடிஞ்சு முடி கொட்டுச்சு பாருங்க, அப்பவே நாக்கும் போயிருச்சு. மூக்கும். உடம்புல ஜிங்க் சத்து இல்லாமப் போனா அப்படி ஆகுமாம். இங்க வந்துதான் சொன்னாங்க. மாத்திரை குடுக்குறாங்க. அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு மாசத்துல சரியாகியிருக்குமாம். இப்ப வந்தாலும் வரலாம், வராமயும் போகலாம்."

"ஏன் சொல்லல?"

"டீ டேஸ்டருக்கு நாக்கு செத்துப் போச்சுன்னு யார்கிட்டச் சொல்றது? ஒரு வாரத்துல திரும்பி வந்துரும்னு நெனைச்சேன். அப்பறம் ஒரு மாசம்னு நெனைச்சேன். கப்போட நிறத்தப் பாத்து, இலையத் தொட்டுப் பாத்து விலை சொல்லிட்டு இருந்தேன். அதுலயும் தெரியலைன்னா பக்கத்துல இர்ஃபான் அண்ணன் குடிப்பாரு பாருங்க, அவரு மூஞ்சியப் பாத்துக்குவேன். தெனமும் பயந்துட்டே போவேன்."

"எங்கிட்டயாவது..."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க காலைல அந்த டம்ளரக் கொண்டு வந்து குடுத்துட்டு ஆசையா நிப்பீங்க. எப்படி இருக்குதுன்னு கேப்பீங்க. நல்லாருக்குதுன்னு சொல்லிருவேன். எனக்கு அது வெறும் சுடுதண்ணிங்க."

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தான். அவளுக்கும் அது தெரிந்தது. அவன் கேட்பதைக் கொடுத்துவிட ஒரு கணம் மனம் இளகியது போலத்தான் இருந்தது.

"தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டான். "நெய்யுன்னு தெரிஞ்சிருந்தா எனக்காகக் குடிச்சிருப்பியா?"

சம்யுக்தா யோசித்துத்தான் சொன்னாள்.

"மாட்டேன். அன்னைக்கே சிங்க்ல கொட்டிட்டு உங்ககூட ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். அப்பறம் சமாதானம் ஆகியிருப்போம். இந்நேரம் வீட்ல இருந்திருப்போம்."

மணி அடித்தது. பொறுப்பாளர் பெண் வந்து கதவருகே நின்றாள். அவன் எழுந்தான். உட்கார்ந்திருந்த மனைவியின் தோளைத் தொடலாமா என்று விதிமுறைத் தாளைப் பார்த்தான். அதில் எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் தொடவில்லை.

"அடுத்த வாரம் வரட்டுமா?"

"வாங்க" என்றாள். அவன் திரும்பி இரண்டடி நடந்த பிறகு, "எதுவும் கொண்டு வராதீங்க. வெறுங்கையோட வாங்க" என்றாள்.